அந்தமான் என்று சொல்லியிருந்தோம்

ஜி.ஏ. ரோட்டில் ஷட்டர் இறங்கியிருந்தது.
அட்வான்ஸ் வாங்கியவனின் போர்டில் மட்டும்
ஒரு தென்னை இன்னும் கடல் பக்கம் சாய்ந்தபடி.
தேசிங்கு இரண்டு முறை தட்டினான்.
பிறகு பக்கத்து ஜெராக்ஸ் கடையோரம்
என் சூட்கேஸை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டான்.
கல்யாணமாகி ஆறாம் நாள்.
கையசைத்து வழியனுப்பிய பதினோரு பேரும்
இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்து
நம்மைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.
திரும்பிப் போக அவனுக்குக் கூச்சம்.
எனக்கு அதைவிட.

எர்ணாவூரில் அவனுடைய கிரேன் கூட்டாளியின்
மொட்டைமாடி அறை, நாலு நாளைக்கு.
ஜன்னலைத் திறந்தால் கடல் வரும்,
உரக்கம்பெனி வாடையும் கூடவே வரும்.
மூடினால் கடல் போய்விடும்,
வாடை இருக்கும்.
திறந்தே வைத்தோம்.

முதல் நாள் திருவொற்றியூர்.
தூண்டில் வளைவுக் கற்கள்மேல் உட்காரவைத்துப்
போட்டோ எடுத்தான்.
'கொஞ்சம் இந்தப் பக்கம், புகைபோக்கி வருது.
இன்னும் கொஞ்சம், லாரி வருது.
கப்பல்... அது இருக்கட்டும்.'
கடைசியில் மிஞ்சியது
என் முகமும் ஒரு முழம் நீலமும்.
மாமியாருக்கு அனுப்பினோம்.
உடனே பதில்:
தண்ணி நம்மூரு மாதிரியே இருக்கே.

சிரித்த சிரிப்பில் கல்லில் வழுக்கி
முட்டியைச் சிராய்த்துக்கொண்டான்.
புது முந்தானையால் ரத்தத்தை ஒற்றியபோதுதான்
முதன்முதலாக அவனைப்
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
நான் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான்.

சாயங்காலம் கோயில். மகிழமரத்தின் கீழ் நின்று
'அடுத்த வருஷம் சத்தியமா...' என்று ஆரம்பித்தான்.
பாய்ந்து வாயைப் பொத்தினேன்.
இந்த மரத்தடியில் ஒருத்திக்குச் சத்தியம் பண்ணி
ஊரெல்லை தாண்டினவனுக்குக் கண் போயிருக்கிறது.
உனக்கு வேலை நூறடி உயரத்தில்,
கண் வேணும் சாமி.
உள்ளங்கைக்குள் அவன் மீசை அசைந்தது.
வேறெதுவோ சொல்லிக்கொண்டிருந்தான் போல.
கையை எடுக்க மனசில்லை.

மறுநாள் எண்ணூர் முகத்துவாரம்.
ஆற்றுப் பக்கம் சாம்பல், கடல் பக்கம் பச்சை,
நடுவே தீராத ஒரு சண்டை.
மார்பளவு நீரில் பறியைப் பல்லில் கவ்வி
வெறுங்கையால் இறால் தடவினார்கள் சில பெண்கள்.
ஒருத்தி பறியை இறக்கிவிட்டுக் கேட்டாள்:
'சுத்திப் பாக்க வந்தீங்களா, எங்கேர்ந்து?'
'ராயபுரம்' என்றான்.
'ராயபுரத்துலேர்ந்து இதுக்கா!'
திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.
அவர்கள் கண்ணுக்கு
நாங்கள்தான் வேடிக்கை.
அன்றைக்கு போட்டோவே எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் விடிவதற்குள் காசிமேடு.
ஏலக் கூச்சலுக்குள் முக்காடு போட்டு நடந்தேன்.
மூன்றாவது கூடையில் என் சின்னத்தை.
'யாரு, நிரோசாவா?'
கால் ஈரத்தரையில் ஒட்டிக்கொண்டது.
அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
அவன் முட்டியின் பிளாஸ்திரியைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
அரைக்கிலோ இறாலைக் கவரில் அள்ளிப் போட்டு
ஐஸ் வைத்துக் கட்டி நீட்டினாள்.
'அந்தமான்ல வெலை ஜாஸ்தியாமே. கொண்டு போ.'
காசு வாங்கவில்லை.
அடுத்த ஆளிடம் வஞ்சிரத்துக்குச் சண்டை போட
ஏற்கெனவே திரும்பிவிட்டாள்.

ராத்திரி இரவல் அடுப்பில் இறால் கொதித்தது.
பனியன் ஈரமாக, மிளகாய்த்தூள் விரலோடு
தேசிங்கு ஜன்னலண்டை கூப்பிட்டான்.
இருட்டில் விளக்கெல்லாம் ஏற்றிக்கொண்டு
ஒரு கப்பல் மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது.
'நம்ம கப்பலா இருக்குமோ?'
இருக்கலாம். புகைபோக்கியின் சிவப்பு விளக்குக்கும்
அதற்கும் நடுவே வந்து நிற்கச் சொன்னேன்.
ரெண்டும் விழுகிற மாதிரி
ஒரு போட்டோ எடுத்தேன். யாருக்கும் அனுப்பவில்லை.

கப்பல் சிறுத்துக்கொண்டே போனது.
உப்பு பத்தலை, என்றேன்.